கைக்கு ஏற்ற பெட்டி

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரு இன்னாத்துக்கு அண்ணா அதுல? கையப் பத்தி எழுதுங்க, போதும்" என்று போன் போட்டுத் திட்டுவார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் மேடம் என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், என்னைவிட அவருக்கு ஒரு வயது குறைவுதான் என்றாலும்.

திருப்பதியில் எலும்பு முறிவுக்கென்று இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் அவருடைய அறை. சுவரெல்லாம் செயற்கைக் கால்கள் தொங்கும். மேஜையில் தோல் வார், பஞ்சு, ரப்பர், கத்தரிக்கோல். கை கால் இழந்தவர்களுக்கும் வளைந்து போனவர்களுக்கும் உறை, பட்டை, தாங்கி எல்லாம் அளவெடுத்துச் செய்து தருவது அவர் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் நான் அங்கே போய் நின்றபோது என் வலது கையைத் துண்டால் சுற்றி வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"துண்ட எடுங்கண்ணா. துண்டுக்கெல்லாம் நான் ஒறை தைக்க முடியாது."

அதற்கு நான்கு மாதம் முன்பு ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிகிற நேரம். அவசரப்பட்டது நான்தான், வேறு யாரையும் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. பட்டறைக்காரர்கள் நல்லவர்கள். ஸ்டோரில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். சம்பளமும் குறையவில்லை. ஆனால் நான் குறைந்துவிட்டேன். கடையில் இடது கையை நீட்டினேன். கோயிலில் தீர்த்தம் வாங்காமல் ஒதுங்கி நின்றேன்.

இதற்குக் காரணம் ஆர்மோனியம். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தமிழ்நாடு அங்கிருந்து கூப்பிடு தூரம். புரட்டாசி சனிக்கிழமைகளில் எங்கள் பஜனை கோஷ்டி காலையில் தெருத்தெருவாகப் போகும். பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் வாசித்தவன் நான். ஊரில் என்னைப் "பொட்டிக்காரன்" என்றுதான் சொல்வார்கள். இரண்டு விரல் போன பிறகு மூன்று விரலால் வாசித்துப் பார்த்தேன். மொட்டை விரல் கட்டையில் பட்டால் கரண்ட் அடித்த மாதிரி தோள் வரைக்கும் வலிக்கும். சரி, கையை மாற்றிக்கொள்ளலாம், இடது கை கட்டைக்கு, வலது கை துருத்திக்கு என்று பார்த்தேன். துருத்திப் பலகையைத் தள்ளும்போது மறுபடியும் அதே விரல்களில்தான் அடி விழுந்தது. பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

மேடம் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆடு வாங்க வந்தவர் போல, அனுதாபம் எதுவும் இல்லாமல். பிறகு கோடு போடாத பெரிய நோட்டு ஒன்றைத் திறந்து, "வெய்ங்க" என்றார். தாளின் மேல் என் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். அந்த நோட்டு முழுக்கக் கைகள். நாலு விரல், மூன்று விரல், மணிக்கட்டோடு நின்றவை, ஆறு விரல் கொண்ட ஒரு குழந்தையின் கை. ஒவ்வொன்றின் கீழும் தெலுங்கில் ஏதோ எழுதியிருந்தது. அவர் ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த தமிழ்ப் பெண். படித்தது தெலுங்குப் பள்ளியில்.

"இந்தக் கை இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பிரஸ் மெஷின், மேடம்."

"அது சம்பளத்துக்கு. அதுக்கு முன்னாடி? கையைப் பாத்தா தெரியுது. சுண்டு வெரலு தனியா நீட்டிக்கினு நிக்குது. எதையோ வாசிச்ச வெரலு அது."

நான்கு மாதமாக யாரிடமும் ஆர்மோனியத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்குப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே விரல் உறைக்குத் தோல் வெட்டினார். முடிவில், "ஞாயித்துக்கெழம ரேணிகுண்டா வாங்க. எங்க ஊட்டுல மூணு பெட்டி கீது. ஆர்மோனியத்தோட சொந்தக்காரங்க" என்றார்.

*

மூன்று பெட்டிகள் என்று அவர் சொன்னது கான்செர்டினா. எனக்கு அந்தப் பெயரே அன்றுதான் தெரியும். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அறுகோணப் பெட்டி. நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, இரண்டு பக்கமும் மரப் பலகை, பலகையில் சின்னச் சின்னப் பொத்தான்கள். இரண்டு கையாலும் பிடித்து விரித்து மூடி வாசிக்க வேண்டும். குவார்ட்டர்ஸை விட்டு வெளிநாடு போன பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒன்று விட்டுப்போனது முதல் பெட்டி. அதில்தான் அவர் சிறுமியாக இருந்தபோது கற்றுக்கொண்டார். மற்ற இரண்டும் அவரே தேடி வாங்கியவை.

"மூணும் பாக்கறதுக்கு அக்கா தங்கச்சிங்க மாதிரி இருக்கும். புத்தி மட்டும் வேற வேற" என்றார்.

முதல் பெட்டியை அவர் எடுத்துக்கொண்டார். கட்டைவிரல் ஒரு தோல் வளையத்துக்குள் போனது, சுண்டுவிரல் ஓர் உலோகத் தட்டில் சாய்ந்தது. பாக்கி மூன்று விரலும் பொத்தான் மேல். "இது பேரு இங்கிலீஷ். ச எடது கையில, ரி வலது கையில, க மறுபடி எடது, ம வலது. ரெண்டு கால மாத்தி மாத்தி வெச்சு நடக்கற மாதிரி. துருத்திய அமுக்கினாலும் அதே சுரம், இழுத்தாலும் அதே சுரம்." சொல்லிக்கொண்டே வாசித்தார். வயலின் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்கே துருத்தி திரும்புகிறது என்றே தெரியவில்லை.

இரண்டாவது, பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒன்று. துருத்தியின் மடிப்பில் ஒட்டுப் போட்டிருந்தது. "இது ஆங்லோ. மவுத் ஆர்கன் ஊதியிருக்கீங்களா? ஊதுனா ஒரு சுரம், உறிஞ்சினா வேற சுரம். இதுவும் அதேதான். அமுக்கினா ச, க, ப. இழுத்தா ரி, ம, த, நி. ஒரே பொத்தான்தான், தெசைய மாத்தினா சுரம் மாறிடும். கொயந்தைங்க அர மணி நேரத்துல ஒரு பாட்டு புடிச்சிடும். ஆனா சுருதி நிக்காது. இழுத்துப் புடிச்சுப் பாடற பாட்டுக்கு ஆகாது."

மூன்றாவதுதான் பெரியது. கறுப்புப் பெட்டி, ஏகப்பட்ட பொத்தான்கள். "டூயட். கீழ் சுரமெல்லாம் எடது கையில, மேல் சுரமெல்லாம் வலது கையில. அமுக்கினாலும் இழுத்தாலும் ஒண்ணே. ஒரு கை பாட்டு, இன்னொரு கை சுருதி, ரெண்டும் தனித்தனியா வேல செய்யும். கத்துக்கறது கஷ்டம். கத்துக்கிட்டா இதுல இல்லாதது இல்ல."

பிறகு என் வலது கையை மூன்றிலும் வைத்துப் பார்த்தார். இங்கிலீஷ் உடனே கழிந்தது. அதற்கு வேண்டிய மூன்று விரலில் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. ஆங்லோவிலும் டூயட்டிலும் புறங்கைக்கு மேல் ஒரு தோல் வார் போகிறது. துருத்தியை இழுக்கிற பாரம் வாரின் மேல்தான், விரல் நுனியில் இல்லை. அதைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது.

"டூயட்தான்" என்று மேடம் தீர்ப்புச் சொன்னார். "பாட்டு முழுக்க எடது கையில கெடைக்கும். வலது கையில மோதிர வெரலு ஒண்ணு போதும், ஷட்ஜத்த அமுக்கிக்கினு இருந்தா சுருதி நிக்கும். பொருத்தம்னா இதான் பொருத்தம்."

*

பொருத்தம் என்ற சொல்லை அவர் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். ஒருவர் நடக்கத் தடுமாறினால் கால் சரியில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிப் பார்ப்பார். ரேணிகுண்டா ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் வலது தோளைத் தடவிக்கொண்டு நின்றபோது, ரயில் வர ஐந்து நிமிஷம் இருக்கையில், அவருடைய தலைச்சும்மாட்டைப் பிரித்து வேறு விதமாகச் சுற்றிக் கொடுத்தார். கைப்பையில் எப்போதும் இஞ்சு டேப் இருக்கும். அவரைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றிக் கேட்டால், "நல்லவங்கதான். அளவு வேற" என்பார், வருத்தமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் ரேணிகுண்டா போவது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. சோற்றைப் போடும்போது கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் கூடியது. ஒரு வாரம், "நானும் வரேன்" என்று கிளம்பினாள்.

மேடம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். டம்ளரை அவள் வாங்கியதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க எடது கைப் பழக்கமாம்மா?"

மனைவி திகைத்துப்போய், "சின்ன வயசுல இருந்துச்சு. பள்ளிக்கொடத்துல அடிச்சு மாத்திட்டாங்க. இப்ப வலது கைதான்" என்றாள்.

"வேல இன்னா பண்றீங்க?"

"ஜாக்கெட் தைக்கறேன்."

"எந்தக் கையில வெட்டுவீங்க?"

மனைவி டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கே தெரியாத விஷயம் அது. யாரும் பார்க்காதபோது அவள் இடது கையால்தான் துணி வெட்டுகிறாள். நம்மூர்க் கத்தரிக்கோல் வலது கைக்காரர்களுக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் துணி நழுவும், கட்டைவிரல் காய்த்துப் போகும். மேடம் அவள் கட்டைவிரலைத் தொட்டுக் காய்ப்பைப் பார்த்தார். அவ்வளவுதான் அன்றைக்கு.

ஒரு மாதம் கழித்து, சித்தூரில் மருத்துவ முகாமுக்குப் போன இடத்தில் அங்கே ஒரு கடையில் சொல்லி வைத்து, இடது கைக் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி வந்தார். மனைவி ஒரு பழைய புடவைத் தலைப்பை எடுத்து வெட்டினாள். ஒரே இழுப்பில் துணி நேராகப் பிளந்தது. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாப்பது வயசு வரைக்கும் எனக்கு வெட்டத் தெரியலன்னுதானே நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

"வெட்டத் தெரியாதவங்க யாரும் இல்லம்மா. அந்தே" என்றார் மேடம். அவ்வளவுதான் என்பதை அவர் தெலுங்கில்தான் சொல்வார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் பையில் மேடத்துக்கென்று ஒரு டப்பா வடகமோ ஊறுகாயோ இருக்கும்.

*

ஆனால் டூயட் எனக்கு வரவில்லை. மூன்று மாதம் போராடினேன். மேடம் வாரை அகலப்படுத்தினார், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தார். மோதிர விரலுக்கு எட்டவில்லை என்று ஒரு பொத்தானின் மேல் தோல் குமிழ் ஒட்டினார். முழங்காலில் பெட்டியை வைத்துக்கொள்ள உயரம் குறைந்த ஸ்டூல் ஒன்று செய்ய வைத்தார். வாரா வாரம் ஒரு திருத்தம். எதுவும் பலிக்கவில்லை. பொத்தான்கள் கண்ணுக்கு முன்னால் எறும்பு போல ஊர்ந்தன. ச தேடிப் பிடிப்பதற்குள் பாட்டு போய்விடும். வலது கை சுருதியைப் பிடித்தால் இடது கை நின்றுவிடும், இடது கை நகர்ந்தால் வலது கை விட்டுவிடும்.

"எனக்கு வராது மேடம்" என்றேன் ஒருநாள்.

"வராதுங்கற வார்த்தைய நான் இதுவரைக்கும் யாருக்கும் எழுதிக் குடுக்கல. கையில தப்பு இல்ல. பெட்டியிலதான் இன்னமும் எதுவோ கீது" என்றார். குரல் கொஞ்சம் கடுமையாக இருந்தது. அவர் கணக்குப்படி அது எனக்கு வந்திருக்க வேண்டும். வராதது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குப் பட்டதெல்லாம், இந்த அம்மா விட மாட்டார்கள், நாம்தான் வராமல் நின்றுவிட வேண்டும் என்பதுதான். அடுத்த ஞாயிறு கடைசி, சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்து போனேன்.

அவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டு நான் அறையில் நடந்தேன். மேஜை மேல் அந்தப் பழுப்பு ஆங்லோ இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. எடுத்து மாட்டினேன். நடந்துகொண்டே அமுக்கினேன். ச. இழுத்தேன். ரி. அமுக்கினேன். க. ஆரோகணத்தில் முதல் ஆறு சுரமும் இடது கையிலேயே அடுத்தடுத்து இருந்தன. நிஷாதத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் மட்டும் வலது மோதிர விரல் போதும். பொத்தான் தவறினாலும் அமுக்கும்போது ச, க, ப மூன்றில் ஒன்றுதான் வரும். காதுக்கு உறுத்தவில்லை. ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. கால் வைக்கும்போது ஓர் அமுக்கல், கால் எடுக்கும்போது ஓர் இழுப்பு. நாலாவது நடையில், எங்கள் கோஷ்டி தெருமுனையில் முதலில் எடுக்கும் கோவிந்த நாமம் அதுவாகவே வந்துவிட்டது.

திரும்பினால் மேடம் வாசலில் இரண்டு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நடங்க. நிறுத்தாதீங்க" என்றார்.

இன்னொரு முறை வாசித்தேன். அவர் டம்ளர்களை வைத்துவிட்டு, என் கையைப் பார்க்காமல், என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க பஜனையில நடந்துக்கினேதான் வாசிப்பீங்களா?"

"ஆமாம் மேடம். பொட்டிய மாட்டிக்கினு நாலு தெருவும் சுத்துவோம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கல மேடம்."

அவர் போய் நோட்டை எடுத்து வந்தார். என் கையின் படம் இருந்த பக்கத்தைத் திறந்து ஒரு வரி எழுதினார். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். விரலை வைத்துப் படித்துக் காட்டினார்: "உட்கார வைத்து அளந்தேன். என் தப்பு."

பத்து வருஷத்துக்கும் மேலாகக் கைகளை அளந்துகொண்டிருந்த ஒருத்தர், பட்டறையில் ஸ்டோர் பார்க்கும் ஓர் ஆளிடம், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு சுலபமாகத் தன் தப்பைப் படித்துக் காட்டியதை நான் அதுவரை பார்த்ததில்லை. மூன்று மாதம் என்னைப் போட்டு வாட்டியதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. டூயட்டைத் துடைத்து உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, ஆங்லோவின் வாருக்கு ஊசி நூலை எடுத்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

*

அந்தப் புரட்டாசியில் ஆங்லோவோடு ஊருக்குப் போனேன். எங்கள் கோஷ்டிக்குத் தலைமைப் பாட்டுக்காரர் முனிரத்தினம் மாமா. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, குரல் கோயில் மணி மாதிரி இருக்கும். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடா இது, சர்க்கஸ்காரன் பொட்டி மாதிரி?"

"வாசிக்கறேன், கேளு மாமா."

வாசித்தேன். கேட்டார். "ஆர்மோனியம் இழுத்துப் பேசும். இது வெட்டி வெட்டிப் பேசுதே. புத்தூர்லேர்ந்து ஒரு ஆர்மோனியக்காரர வரச் சொல்லிக்கீறேன். அவரும் வரட்டும். மொத தெரு நீ வாசி. சரிப்படலன்னா அவரு வாசிப்பாரு. கோச்சிக்காத" என்றார். அதில் நியாயம் இருந்தது. பஜனை என் கைக்காக நடப்பதில்லை.

சனிக்கிழமை காலை மேடம் ரேணிகுண்டாவிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை, என் மனைவி கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு பேரும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். புத்தூர்க்காரர் பெட்டியோடு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

முதல் தெரு நன்றாகவே போனது. நாமாவளியெல்லாம் துள்ளலானவை. டோலக்குக்காரர் என் துருத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசித்தார். இரண்டாவது தெரு முனையில் பிள்ளையார் கோயில். அங்கே நின்று மாமா ஒரு விருத்தம் எடுப்பார். பஞ்சமத்தில் நின்று இழுப்பார், பெட்டி கூடவே நிற்க வேண்டும். நான் ப அமுக்கினேன். துருத்தி மூடிக்கொண்டே வந்தது. மாமா விடவில்லை. துருத்தி முழுவதும் மூடிவிட்டது. இழுத்தால் ப இருக்காது, வேறு சுரம் வந்துவிடும். இழுத்துத்தான் ஆக வேண்டும் என்று கை பதறி இழுத்தது. தைவதம் பீறிட்டு வந்தது. மாமா பாடிக்கொண்டே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோஷ்டி முழுவதும் பார்த்தது. பின்னால் புத்தூர்க்காரர் பெட்டியின் கொக்கியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே சுரம் எதுவும் இல்லாமல் காற்றை மட்டும் விடும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கி, சத்தமில்லாமல், துருத்தியைப் பாதி விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். மாமாவின் குரல் தனியாக நின்றது. அவ்வளவு வருஷத்தில் அந்தக் குரலைப் பெட்டி இல்லாமல் நான் கேட்டதில்லை. நடுவில் லேசாகக் கரகரத்து, மறுபடி தெளிந்து, மேலே போயிற்று. அவர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் நான் ச, க, ப என்று மூன்றே சுரம் வைத்தேன். மாமா அடுத்த அடியை எடுத்தார். மறுபடி நான் விலகி நின்றேன். மறுபடி அவர் முடித்த இடத்தில் மூன்று சுரம். விருத்தம் முடிந்து கோவிந்தா என்று கூட்டம் கத்தியபோது, புத்தூர்க்காரர் கொக்கியைப் போட்டுவிட்டார்.

மூன்றாவது தெருவில் மாமா என் பக்கத்தில் வந்து நடந்தார். "பரவால்லடா. பாடறவனுக்கு மூச்சு வுட எடம் குடுக்குது" என்றார். என் மொட்டை விரல்கள் எல்லோருக்கும் எதிரில் வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தன என்பது நாலாவது தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பஜனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டே மேடம் ஒரே ஒரு கருத்துச் சொன்னார். "அந்த எடத்துல இங்கிலீஷ் பெட்டியா இருந்தா நான் வாசிச்சிக்கினே இருந்திருப்பேன். நிறுத்தணும்னு எனக்குத் தோணியிருக்காது." பிறகு இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

அந்தப் பெட்டியை அவர் எனக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் இதைக் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. கார்த்திகையில் போன் வந்தது. "அண்ணா, ஆங்லோவ எடுத்துக்கினு வாங்க. கார்வேட்டிநகரத்துலேர்ந்து ஒரு டிரைவர் வந்துகீறாரு, அவர் கைக்கு அது வேணும்." கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் அவர் மேல் கோபமாக இருந்துவிட்டு மறுபடி போனேன். என் வாரைப் பிரித்துவிட்டு அந்த ஆளுக்கு வேறு வார் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு எந்த மாதிரி வேணும்னு இப்பத் தெரிஞ்சிபோச்சே. தேடி வாங்கிக்கலாம். அவருக்குத் தெரியாது" என்றார். அது உண்மைதான். ஆறு மாதம் தேடி, சென்னையில் ஒருவரிடம் பழைய ஆங்லோ ஒன்றை வாங்கினேன். இன்றுவரை அதுதான் என்னிடம் இருக்கிறது. வாரை மட்டும் அவர்தான் தைத்துக் கொடுத்தார்.

பிறகு அவர் விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போனார். வருஷத்துக்கு நாலைந்து தடவை போனில் பேசுவோம். பாதி நேரம் என் மனைவியிடம்தான் பேசுவார்.

போன மாதம் திருமலைக்கு வந்தவர் கீழே இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பதைக் கடந்துவிட்டார், தலை பாதி நரைத்துவிட்டது. கையில் ஒரு பெரிய உறை. சாப்பிட்டு முடித்ததும், "மேடம், இங்கிலீஷ் வாசிங்க, கேட்டு எத்தினி வருஷம் ஆகுது" என்றேன். அவர் வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடியில் மூட்டு வீங்கியிருந்தது.

"தேஞ்சி போச்சுண்ணா. அந்தப் பெட்டியோட பாரம் முழுக்க இந்த வெரல்லதான் நிக்கும். நாப்பது வருஷம் நின்னுச்சு. இனிமே ஆகாது. ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன்."

அவர் வாசித்ததைக் கேட்டவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். அவரோ உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்பு டூயட்.

"இதுல பாரம் வாரு மேல. கட்டைவெரலுக்கு வேலயே இல்ல. நாலு மாசமா கத்துக்கினு கீறேன். உங்கள மூணு மாசம் எப்டி வாட்டினேன்னு இப்பத்தான் தெரியுது" என்று சிரித்தார்.

முழங்காலில் பெட்டியை வைத்துக்கொண்டு எங்கள் கோவிந்த நாமத்தை ஆரம்பித்தார். ச வந்தது. ரி வரவில்லை, வேறு ஏதோ வந்தது. நிறுத்தி, பொத்தான்களைக் குனிந்து பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒரு காலத்தில் வழுக்கிக்கொண்டு ஓடிய விரல்கள், புதிதாகப் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை ஒன்றாம் வாய்ப்பாடு சொல்வது போலத் தடவித் தடவி நகர்ந்தன. தவறு வந்தால் "ஐயோ" என்பார், உடனே தொடர்வார். முகத்தில் வெட்கமோ வருத்தமோ துளியும் இல்லை. புது ஊருக்கு வந்து வழி விசாரித்துக்கொண்டு நடக்கிற ஒருவரின் ஆர்வம்தான் இருந்தது.

நான் ஆங்லோவை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் எடுத்த அதே கோவிந்த நாமத்தைச் சேர்ந்து வாசித்தேன். இரண்டாவது வரியில் அவர் பின்தங்கிவிட்டார்.

"அண்ணா, கொஞ்சம் மெல்ல. நான் வந்துகினே கீறேன்" என்றார்.

நான் துருத்தியைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, அவர் வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தேன்.